மலையில் தாது, மேட்டூரில் உலோகம்

சேர்வராயன் மலையின் அலுமினிய வரலாற்றை எழுதுபவர்கள் பாக்சைட் சுரங்கத்திலிருந்தே தொடங்குகிறார்கள். தாது இருந்தது, ஆலை வந்தது என்று கதை நேராக ஓடுகிறது. நடந்தது அப்படியல்ல. ஏற்காட்டின் உச்சிகளில் சார்னோகைட் பாறை மழையில் சிதைந்து, சிலிக்கா கரைந்து போய், பாக்சைட் எஞ்சியது மனிதன் வருவதற்கு முன்பே. ஆனால் 1898 வாக்கில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னைக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கியபோது, தகடு கப்பலில்தான் வந்தது. அதன் பிறகும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் மலைத் தாது உலோகமாகவில்லை.

காரணம் மின்சாரம். நான்கைந்து டன் பாக்சைட்டை எரிசோடாவில் கரைத்து இரண்டு டன் அலுமினா எடுக்கலாம். அதை ஒரு டன் உலோகமாக்க ஏறத்தாழ 15,000 யூனிட் மின்சாரம் வேண்டும். மலையில் அது இல்லை. கீழே மேட்டூரில் 1934-ல் அணை எழுந்தது, நீர்மின் நிலையம் வந்தது. மின்சாரத்தை நம்பியே உப்பிலிருந்து எரிசோடா எடுக்கும் மேட்டூர் கெமிக்கல்ஸ் 1936-ல் தொடங்கப்பட்டது. இவை கூடிய பிறகே, 1960-களில், இத்தாலியத் தொழில்நுட்ப உதவியோடு மால்கோ எனும் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி அங்கே அமைந்தது. ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் தாது இறங்கி வந்தது.

மலை பக்கத்தில் இருந்ததால்தானே மேட்டூர் தேர்வானது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, அருகாமை செலவைக் குறைத்தது உண்மை. ஆனால் கேரளத்தின் ஆலுவாயைப் பாருங்கள். 1943-ல் இந்தியாவின் முதல் அலுமினிய உருக்காலை அங்கே இயங்கத் தொடங்கியது. பக்கத்தில் சுரங்கம் இல்லை, அலுமினா முதலில் கனடாவிலிருந்து வந்தது. பள்ளிவாசல் நீர்மின் நிலையத்தின் மின்சாரம் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தாது கடல் தாண்டி வரலாம், அந்த அளவு மின்சாரம் அன்று வர முடியாது.

மால்கோவின் தளர்ச்சியையும் இதே கோணத்தில்தான் படிக்க வேண்டும் என்பது என் முடிவு. மின்வெட்டும் கட்டண உயர்வும் அதைப் பல ஆண்டுகள் வாட்டின. 1995-ல் ஸ்டெர்லைட் அதை வாங்கியது. பின்னர் சொந்தமாக நிலக்கரி மின்நிலையமே கட்டப்பட்டது. 2008-ன் இறுதியில் உலக விலை சரிந்தபோது அந்தச் சிறிய உருக்காலை தாக்குப்பிடிக்கவில்லை. உருக்குவது நின்றது. மின்நிலையமோ நிற்காமல், மின்சாரத்தை வெளியே விற்றுத் தொடர்ந்து இயங்கியது.