செக்கெண்ணெயும் சி மொழியும்

போன ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் நம்ம ஊர்க் கடைக்குப் போய் நல்லெண்ணெய் வாங்கிக்கொண்டு வந்தேன். பாட்டிலில் கொட்டை எழுத்தில் 'மரச்செக்கில் ஆட்டியது'. வீட்டில் பையன் ஏதோ ஒரு சின்ன மென்பொருளை இறக்கிக்கொண்டிருந்தான். அதன் அறிமுகத்தில் முதல் வரியே 'ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது'.

"ஏம்ப்பா, ஃபைல்ல வார்த்தை தேடித் தர்ற சாமான் இது. எந்த மொழியில எழுதினா எனக்கென்ன? எதுக்கு இதைப் போய் முதல்ல சொல்றாங்க?"

நியாயமான கேள்வி. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் குப்பை கொட்டியும் நான் யோசித்ததில்லை. அன்று ராத்திரி யோசித்ததுதான் இது.

ஆரம்ப காலத்தில் ஒரு கம்பெனியின் கணினிக்கு எழுதிய நிரல் இன்னொரு கம்பெனியின் கணினியில் ஓடாது. 1960 டிசம்பரில், ஒரே கோபால் நிரலை ஆர்சிஏ 501, யூனிவாக் 2 என்று இரண்டு வேறு கணினிகளில் ஓட்டிக் காட்டினார்கள். அன்றைக்கு 'கோபாலில் எழுதியது' என்றால், மெஷினை மாற்றினாலும் நிரலைத் தூக்கிப்போட வேண்டாம் என்று அர்த்தம்.

யுனிக்ஸ் கதையும் அதேதான். 1969-ல் பெல் ஆய்வகத்தில் பிடிபி-7 கணினிக்காக அசெம்பிளியில் பிறந்தது. 1973-ல் அதை சி மொழியில் திருப்பி எழுதினார்கள். இயங்குதளத்தை அசெம்பிளியில்தான் எழுத வேண்டும் என்று பெரும்பாலோர் நம்பிய காலம். சில வருஷத்தில் இண்டர்டேட்டா 8/32 என்ற, கொஞ்சமும் ஒட்டுறவில்லாத மெஷினுக்கு அதைக் கொண்டுபோன கதையை 1978-ல் ஜான்சனும் ரிட்சியும் கட்டுரையாகவே எழுதினார்கள். 'சி-யில் எழுதியது' என்பது, 'உங்க வீட்டுக்கும் வரும்' என்கிற வாக்குறுதி.

அந்த வாக்குறுதியைக் கோஷமாக்கியது சன் மைக்ரோசிஸ்டம்ஸ். 1995-ல் ஜாவா வந்தது. 1996-ல் '100 சதவீதம் சுத்தமான ஜாவா' என்று முத்திரையே குத்த ஆரம்பித்தார்கள். அசல் பசு நெய் போர்டு மாதிரிதான் :-) அந்த வேகத்தில் கோரல் நிறுவனம் தன் அலுவலக மென்பொருளை ஜாவாவில் எழுதப் பார்த்து, 1997-ல் கைவிட்டது. லேபிள் சுத்தம்தான். ஆனால் அன்றைய கணினிகளில் நத்தை வேகம்.

2004-ல் பால் கிரஹாம் வேறு கோணத்தில் சொன்னார். அதிகம் புழங்காத மொழியில் எழுதுகிற கம்பெனிக்கு நல்ல ஆட்கள் கிடைப்பார்கள், ஏனென்றால் அந்த மொழியை வேலைக்காக இல்லாமல் ஆசைக்காகப் படித்தவர்கள்தான் வருவார்கள் என்று. திறந்த மூல மென்பொருளுக்கு இது ரொம்பப் பொருந்தும். அங்கே பலருக்குச் சம்பளம் கிடையாது. லேபிள்தான் 'ஆள் தேவை' போர்டு.

ரஸ்டுக்கு வருவோம். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிவந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல்-லின் சி நிரலில், அளவு சரிபார்க்கும் ஒரு சோதனை விட்டுப்போயிருந்தது. அதனால் சர்வரின் நினைவகத்தில் கிடந்ததெல்லாம் ஒரு தடவைக்கு 64 கேபி வரை வெளியே கசிந்தது. அடுத்த வருஷம் மே மாதம் ரஸ்ட் 1.0. இந்த மாதிரித் தப்புகளில் பெரும்பாலானதைத் தடுத்துவிடும் மொழி. தன் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகத் தப்புகள்தான் என்று 2019-ல் மைக்ரோசாஃப்டே சொன்னது. ஆக இந்த லேபிளில் விஷயம் இருக்கிறது. ஆனால் எல்லாம் அதில் இல்லை. 2021 டிசம்பரில் உலகத்தையே உலுக்கிய லாக்4ஜே ஓட்டை, நினைவகத் தப்புக்கு இடம்கொடாத ஜாவாவில்தான் இருந்தது. யோசனையில் தப்பு இருந்தால் எந்த மொழியும் காப்பாற்றாது.

இதைச் சொல்ல எனக்கும் ஒரு சொந்தக் காரணம் உண்டு. 1998-ல் ஒய்2கே புண்ணியத்தில், கோபால் தெரியும் என்ற ஒரே தகுதியில் மும்பைக்கு ரயிலேறியவன் நான். நாலு வருஷத்தில் அந்த மென்பொருளை ஜாவாவில் திருப்பி எழுத முடிவு செய்தார்கள். "நீங்க கோபால் ஆளாச்சே" என்று என்னை ஒதுக்கி உட்கார வைத்தார்கள். கடன் வாங்கி வந்த ஊர்க்காரனுக்கு அந்த ஆறு மாசம் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். புது மென்பொருள் வந்தது. வட்டிக் கணக்கு உதைத்தது. பழைய விதி எதற்காக அப்படி இருந்தது என்று கேட்க என்னைத்தான் தேடி வந்தார்கள். அந்தக் காரணம் கோபாலிலும் இல்லை, ஜாவாவிலும் இல்லை. வாடிக்கையாளரோடு உட்கார்ந்து பேசிய எங்கள் நாலு பேர் தலையில் இருந்தது.

பையனிடம் சொன்னேன்: "அந்த வரி உனக்கில்லைடா. நாளைக்கு இதைத் திறந்து ரிப்பேர் பார்க்கப்போறவனுக்கு. அந்த ஆள் நீயா இருந்தா, படி. மத்தபடி வேலை செய்யுதான்னு மட்டும் பாரு."

"அப்ப எண்ணெய் பாட்டில்ல மட்டும் ஏன் படிச்சுப் பார்த்து வாங்கினீங்க?" என்றான்.

மூடியைத் திறந்து மோந்து பார்க்கக் கொடுத்தேன்.