காந்தப்புலத்தில் திரவ உலோகம்: கல்பாக்கம் முதல் காந்திநகர் வரை

உருகிய உலோகம் காந்தப்புலத்தின் குறுக்கே பாயும்போது அதனுள் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அம்மின்னோட்டமும் காந்தப்புலமும் சேர்ந்து, பாய்வை எதிர்க்கும் விசையை உண்டாக்குகின்றன. இதை ஆராயும் துறை காந்தப் பாய்ம இயக்கவியல் எனப்படும்.

தொடக்கம்

1832 இல் மைக்கேல் பாரடே, புவியின் காந்தப்புலத்தில் ஓடும் தேம்சு ஆற்று நீரில் மின்னழுத்தம் தோன்றுகிறதா என அளக்க முயன்றார், முயற்சி பலிக்கவில்லை. டென்மார்க் அறிஞர் ஹார்ட்மன் 1937 இல் காந்தப்புலத்தில் பாயும் பாதரசம் பற்றிய கோட்பாட்டையும் ஆய்வுகளையும் வெளியிட்டார். காந்த விசையையும் பாகுத்தன்மையையும் ஒப்பிட உதவும் எண் அவர் பெயரால் ஹார்ட்மன் எண் என வழங்குகிறது.

கல்பாக்கம்

கல்பாக்கத்தின் வேக ஈனுலை 1985 அக்டோபர் 18 அன்று முதன்முதலாகத் தொடர்வினை நிலையை எட்டியது. இது அணுக்கருப் பிளவு உலை. குளிர்விப்பது திரவ சோடியம். காற்றிலும் நீரிலும் சோடியம் தீவிரமாக வினைபுரிவதால் கசிவு ஆபத்தானது. இங்கே காந்தம் துணைக்கு வந்தது. குழாயின் வெளியே நிலைக்காந்தத்தை வைத்து, தூண்டப்படும் மின்னழுத்தத்தைக் கொண்டு பாய்வை அளக்கலாம். சுழலும் பாகம் இல்லாத மின்காந்த எக்கியால் சோடியத்தைத் தள்ளவும் முடியும்.

காந்திநகர்

இணைவு உலையில் இதே விசை தடையாகிறது. பிளாஸ்மாவை அடைத்து வைப்பதே காந்தப்புலம் என்பதால் அதை நீக்க இயலாது. பிரான்சில் கட்டப்படும் ஐட்டர் உலையில் அதன் அளவு பிளாஸ்மாவின் நடுவே 5.3 டெஸ்லா. இத்திட்டத்தில் இந்தியா 2005 இல் சேர்ந்தது. காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் பிளாஸ்மாவைச் சூழும் போர்வை ஒன்றை ஈய-லித்தியக் கலவை, லித்தியம் டைட்டனேட் பீங்கான், ஹீலியம் ஆகியவற்றைக் கொண்டு வடிவமைத்தது. லித்தியம் நியூட்ரானை ஏற்று, எரிபொருளான டிரிட்டியத்தைத் தரும். எஃகுச் சுவரை ஹீலியம் குளிர்விப்பதால், வெப்பம் முழுவதையும் திரவ உலோகமே சுமக்க வேண்டியதில்லை.

தீராத சிக்கல்

உலோகத்தை விரைவாகச் செலுத்தினால் எதிர்ப்பு கூடி, எக்கிக்கு மிகுந்த ஆற்றல் தேவைப்படும். மெதுவாகச் செலுத்தினால் வெப்பம் தேங்கும். மேலும், காந்தப்புலம் நீர்மத்தின் சுழல்களை அடக்குவதால் வெப்பம் நன்கு கலப்பதில்லை. குழாயின் உட்புறத்தில் அலுமினா போன்ற மின்கடத்தாப் பூச்சு இருந்தால் மின்னோட்டம் சுவர் வழியே சுற்றி வராது. எதிர்ப்பு பெரிதும் குறையும். ஆனால் எஃகை அரிக்கும் சூடான கலவையிலும் நியூட்ரான் தாக்குதலிலும் அப்பூச்சு விரிசலின்றி நிலைக்க வேண்டும். ஒரு விரிசல் போதும், மின்னோட்டம் மீண்டும் சுவருக்குள் வழி கண்டுவிடும்.