தார் பாலைவனத்தில் குறைந்த செலவில் ரயில் பயணம்: பயணிகள் அறிய வேண்டியவை

ராஜஸ்தானின் ஜோத்பூர் – ஜெய்சால்மர் இடையிலான சுமார் 300 கி.மீ. ரயில் பாதை தார் பாலைவனத்தின் ஊடே செல்கிறது. பலோடி, ராம்தேவ்ரா, பொக்ரான் ஆகியவை இப்பாதையின் முக்கிய நிலையங்களாகும். டெல்லியில் இருந்தும் ஜெய்சால்மருக்கு நேரடி ரயில்கள் உள்ளன.

படுக்கை வசதியுள்ள முன்பதிவுப் பெட்டிகளில் குளிர்சாதன வசதி இல்லாத ஸ்லீப்பர் வகுப்பே குறைந்த கட்டணம் கொண்டது. பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்குகிறது. இரவு ரயிலைத் தேர்வு செய்தால் ஒரு நாள் விடுதி வாடகையும் மிச்சமாகும். கடைசி நேரத் தட்கல் பயணச்சீட்டுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. உறுதியான பின் ரத்து செய்தால் பொதுவாகப் பணம் திரும்பக் கிடைக்காது. காத்திருப்புப் பட்டியலில் உள்ளோர் முன்பதிவுப் பெட்டியில் பயணிக்க அனுமதி இல்லை.

எனினும், கட்டணத்தை மட்டும் கணக்கிட்டுப் பயண மாதத்தை முடிவு செய்வது ஆபத்தானது. பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. ஏப்ரல் முதல் ஜூன் வரை பகல் நேர ஸ்லீப்பர் பயணத்தை முதியோர், குழந்தைகள், கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. தவிர்க்க இயலாதோர் இரவு ரயிலையோ மூன்றாம் வகுப்பு ஏசி பெட்டியையோ நாடலாம்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஆனால் இரவில் கடுங்குளிர் நிலவும்; ஸ்லீப்பர் கட்டணத்தில் போர்வை அடங்காது. எனவே போர்வையுடன், போதிய குடிநீர், உலர் உணவு, புழுதியைத் தடுக்கும் துணி ஆகியவற்றையும் ஜோத்பூரிலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.