ஒரு டாலர் வாத்து

அமெரிக்காவில் பதினாறு வயது நிரம்பியவர்கள் காட்டு வாத்தைச் சுடப் போனால் துப்பாக்கியும் மாநில உரிமமும் மட்டும் போதாது. மத்திய அரசு விற்கும் ஒரு ஸ்டாம்பும் வேண்டும். சம்பள ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் குறுக்கே கையெழுத்துப் போடுவோமே, அதே போல் இதன் முகத்திலும் மையால் கையெழுத்திட வேண்டும். தலைவர் படமெல்லாம் கிடையாது. வாத்தோ அன்னமோ வரைந்திருக்கும். கடிதத்தில் ஒட்டினால் செல்லாது. இன்றைய விலை 25 டாலர். 1934இல் பிறந்தபோது 1 டாலர்.

வேட்டை என்றாலே குற்றம் என்று பழகிவிட்ட நமக்கு, பறவையைக் காப்பாற்றப் பிறந்த ஸ்டாம்பை அதைச் சுடுகிறவன் தலையில் கட்டியது விநோதமாகத்தான் படும். அது முழுக்க முழுக்கப் பணக் கணக்கு. பறவைப் பாசம் அதில் இரண்டாம்பட்சம்.

அந்த நாட்டில் வேட்டை இலையுதிர் காலத்து வேலை. கனடாவிலும் வட சமவெளிகளிலும் கோடையில் குஞ்சு பொரித்த வாத்துகள் செப்டம்பரில் தெற்கே கிளம்பும். வழியெங்கும் நாணல் மறைவில், மரத்தில் செதுக்கிய பொய் வாத்துகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, விடிவதற்கு முன்பே ஆட்கள் காத்திருப்பார்கள். நவம்பரில் கலைமான்கள் பிணை தேடி அலையத் தொடங்கும்போது வேட்டை காட்டுப் பக்கம் திரும்பும். அறுவடை முடிந்த விவசாயிக்குக் குளிர்கால இறைச்சி இப்படித்தான் சேர்ந்தது.

வீட்டுக்கு அடித்த வரை வானம் காலியாகவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ரயிலும் பனிக்கட்டிப் பெட்டியும் வந்த பிறகு வாத்து சந்தைச் சரக்கானது. செசபீக் விரிகுடாவில் தட்டையான படகின் முனையில் பீரங்கி போன்ற துப்பாக்கியைப் பொருத்தி, தூங்கும் கூட்டத்தின் மேல் ஒரே வெடியில் டஜன் கணக்கில் வீழ்த்தினார்கள். கான்வஸ்பேக் என்ற வாத்து நகரத்துப் பெரிய ஓட்டல்களின் பெருமைக்குரிய பண்டம். அதே பசிக்கு இரையான பயணிப் புறாவின் கடைசிப் பறவை 1914இல் சின்சினாட்டி விலங்குக்காட்சி சாலைக் கூண்டில் செத்தது. 1916இல் கனடாவுக்காக பிரிட்டனோடு ஓர் ஒப்பந்தம், 1918இல் அதை நிறைவேற்ற ஒரு சட்டம். காட்டு வாத்தை விற்பது அதோடு முடிந்தது.

வாத்துகள் மட்டும் திரும்பி வரவில்லை. பனியாறுகள் விட்டுப்போன ஆயிரமாயிரம் குட்டைகள் டகோட்டா, மின்னசோட்டா, அயோவா சமவெளிகளில் கிடந்தன. வாத்து முட்டையிடும் இடம் அவைதான். முதல் உலகப் போர்க் காலத்தில் கோதுமை விலை ஏறியது. வாய்க்கால் வெட்டிக் குட்டைகளை வற்றவைத்து உழுதுவிட்டார்கள். மிச்சத்தை 1930களின் வறட்சி குடித்தது. சுடாமல் இருந்தால் மட்டும் போதாது, நிலத்தை வாங்கித் தண்ணீரோடு விட்டுவைக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

வாங்குவதற்கான சட்டம் 1929இலேயே வந்திருந்தது. தெற்கு டகோட்டா செனட்டர் பீட்டர் நார்பெக் பாடுபட்டு நிறைவேற்றியது. அந்த ஆண்டே பங்குச் சந்தை சரிந்தது; சட்டம் இருந்தது, காசு இல்லை. வேட்டைக்காரர்களிடமே ஸ்டாம்ப் விற்றுப் பணம் திரட்டலாம் என்று தலைமை வேட்டைக் காவலர் ஜார்ஜ் லாயர் 1920களின் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். காங்கிரஸில் அது மீண்டும் மீண்டும் தோற்றது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் லாயரைத் தாண்டி, அடுத்து வருபவருக்குத் தாவிவிடுகிறார்கள். அடுத்தவர் அவ்வளவு சுவாரசியமானவர் என்பதுதான் காரணம்.

ஜே நார்வுட் டார்லிங், ‘டிங்’ என்று கையெழுத்திடும் கேலிச்சித்திரக்காரர். அயோவாவின் ‘டெ மாயின் ரெஜிஸ்டர்’ பத்திரிகையில் வரைந்து 1924இல் புலிட்சர் வாங்கியவர். குடியரசுக் கட்சிக்காரர், அதிபர் ரூஸ்வெல்ட்டின் திட்டங்களைச் சித்திரத்தில் கிழித்துக்கொண்டிருந்தவர். வாத்து வேட்டையில் பெரும் பிரியம். 1934 ஜனவரியில் ரூஸ்வெல்ட் இவரை, காட்டுயிர் அறிஞர் ஆல்டோ லியோபோல்ட், பத்திரிகை ஆசிரியர் தாமஸ் பெக் இருவரோடு காட்டுயிர் மீட்புக் குழுவில் போட்டார். மார்ச் மாதம் உயிரியல் ஆய்வுத் துறையின் தலைவர் நாற்காலியிலேயே உட்காரவைத்தார். விமர்சகனை வாயடைக்கச் செய்த வேலை என்று சிலர் சொன்னார்கள். அப்படியே இருந்தாலும் நல்ல வேலை.

மார்ச் 16 அன்று ஸ்டாம்ப் சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். அச்சடிக்கப் படம் வேண்டும், நேரமில்லை. சலவைச் சட்டை மடிப்புக்குள் வரும் அட்டைகளில் டார்லிங் ஐந்தாறு மாதிரிகளைக் கிறுக்கினார்; சும்மா யோசனைக்குத்தான். சக அதிகாரி ஒன்றை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போய்விட்டார், டார்லிங் திருத்த நினைத்தபோது செதுக்கு வேலையே முடிந்துவிட்டது என்பார்கள். இணையாகத் தண்ணீரில் இறங்கும் இரண்டு மல்லார்டு வாத்துகள், நீல மையில். அவசரக் கோடுகளாலோ என்னவோ, அந்தப் படத்தில் சிறகு காற்றை அடிக்கும் வேகம் இருக்கிறது. பின்னால் வந்த பல வண்ண ஸ்டாம்புகளில் அது இல்லை.

1934 ஆகஸ்டில் தபால் நிலையங்களில் விற்பனை தொடங்கியது. முதல் ஆண்டில் 6,35,001 விற்றன. வேட்டை உரிமத்தில் ஒட்டித்தான் வைத்திருக்க வேண்டும் என்று விதி. ஸ்டாம்ப் சேகரிப்பவர்கள் போர்க்கொடி தூக்க, மறு ஆண்டு சட்டத்தைத் திருத்தி அவர்களுக்கும் வழிவிட்டார்கள்.

டாலர் டாலராகச் சேரும்வரை டார்லிங்குக்குப் பொறுமை இல்லை. அவரே பின்னாளில் சொன்ன கதை இது. 1935இல் ஸ்டாம்ப் சட்டத் திருத்தம் செனட்டுக்கு வந்தபோது, நார்பெக் அதில் ஓர் இணைப்பைச் சேர்த்தார். மனிதருக்கு ஏற்கெனவே ஸ்காண்டிநேவிய உச்சரிப்பு. போதாதற்குப் பொய்ப்பல் செட்டைக் கழற்றிவிட்டு எழுந்து வாசித்தாராம். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, யாரும் எதிர்க்கவுமில்லை. அந்த முணுமுணுப்புக்குள் 60 லட்சம் டாலர் இருந்தது. மீன்பிடிக்கக் கிளம்பும் அவசரத்தில் இருந்த அதிபரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். விஷயம் தெரிந்ததும், கஜானாவில் கைவைத்ததை யாருமே கவனிக்காதபடி பணம் வாங்கிய ஒரே ஆள் டார்லிங்தான் என்று ரூஸ்வெல்ட் கேலியாக எழுதி அனுப்பினார்.

வேட்டைக்காரர்களுக்கு டார்லிங்மேல் கோபமும் குறைவில்லை. 1935 பருவத்தை முப்பதே நாளாகச் சுருக்கினார். உயிர் வாத்தைக் கட்டிவைத்துக் கூட்டத்தை இழுப்பது, தானியம் தூவி வரவழைப்பது இரண்டுக்கும் தடை. துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் கூடாது. அந்த நவம்பரிலேயே பதவியை விட்டுத் தன் சித்திர மேசைக்குத் திரும்பிவிட்டார். மொத்தம் இருபது மாதம்.

வேட்டைக்காரரிடமே காசு வாங்கிக் காப்பாற்றும் தந்திரம் மான் பக்கத்திலும் பலித்தது. 1937இல் பிட்மன், ராபர்ட்சன் இருவர் பெயரில் வந்த சட்டம், துப்பாக்கி, தோட்டா வரியை அப்படியே மாநிலங்களின் காட்டுயிர்த் துறைகளுக்குத் திருப்பிவிட்டது. நீள்துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் இன்று 11 சதவீதம். 1900 வாக்கில் ஐந்து லட்சத்துக்கும் கீழே போயிருந்த வெண்வால் மான்கள் இன்று கோடிக்கணக்கில். இப்போது அங்கே மான் அதிகம் என்பதுதான் புகார்.

வாத்து ஸ்டாம்புக்கு 1949 முதல் படப்போட்டி நடக்கிறது. ஜெயித்தவருக்கு அரசு ரொக்கம் தருவதில்லை, ஒரு தாள் ஸ்டாம்ப்தான். பிரதிகள் விற்றே சம்பாதிப்பார். டார்லிங்கிடம் பழகிய அயோவாக்காரர் மேனார்ட் ரீஸின் படம் ஐந்து முறை ஸ்டாம்பில் வந்தது. 1959 ஸ்டாம்பில் அவர் வரைந்தது கிங் பக் என்ற கறுப்பு லாப்ரடார், வாயில் மல்லார்டு. எடுத்துவரும் நாய் இருந்தால் அடிபட்ட பறவை புதரில் வீணாகாது என்பது சேதி. மின்னசோட்டாவின் ஹாட்மன் சகோதரர்கள் மூவரும் மாறி மாறி ஜெயித்ததில், கோயன் சகோதரர்களின் ‘ஃபார்கோ’ படத்திலேயே அவர்கள் பெயர் வந்துவிட்டது.

ஸ்டாம்புக்குத் தரும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் நிலத்துக்கே போகிறது. இதுவரை காப்பாற்றிய நிலம் 60 லட்சம் ஏக்கருக்கு மேல். அந்த நிலங்களில் உள்ள சரணாலயங்களின் பலகைகளில் பறக்கும் நீலப் பெருவாத்தும் டார்லிங் வரைந்ததே.

சண்டையும் ஓயவில்லை. படத்தில் வேட்டைச் சின்னம் ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும் என்று 2020இல் விதி போட்டார்கள். ஓவியர்கள் வாத்தின் பக்கத்தில் பொய் வாத்தையும் வாத்தை அழைக்கும் ஊதுகுழலையும் செருகினார்கள். மறு ஆண்டே விதி போனது. 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு இருபது லட்சத்தைத் தாண்டிய விற்பனை இன்று பதினைந்து லட்சம் அளவில் நிற்கிறது. பைனாகுலரோடு வரும் பறவை ஆர்வலர்கள் சிலரும் விரும்பி வாங்குகிறார்கள். கட்டணம் உள்ள சரணாலயங்களுக்கு அது நுழைவுச் சீட்டாகவும் செல்லும். அவர்கள் இன்னும் நிறையப் பேர் வாங்க வேண்டும் என்று பிரசாரம் நடக்கிறது. சட்டம் இன்றும் துப்பாக்கி வைத்திருப்பவரிடம்தான் காசு கேட்கிறது.