சுதஞ்சணன் கதையும் ஔடத தானமும்

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில், பழனி நகருக்கு மேற்கே ஐவர்மலை உள்ளது. திருவயிரை என்பது அதன் பழம்பெயர். அதன் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் பார்சுவ படாரரையும் இயக்கியரையும் புதுப்பித்து, திருவமுதுக்கும் அடிகள் ஒருவரின் உணவுக்குமாக 505 காணம் பொன் வைத்ததை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அதன் காலம் சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870. இரண்டாம் வரகுண பாண்டியன் அரியணை ஏறிய ஆண்டைக் கணிக்க உதவியமையால் வரலாற்றறிஞர் இதனைப் பெரிதும் போற்றுவர்.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனச் சிராவகர்க்கு உரிய தானங்கள் நான்கு. அவற்றுள் ஆகார தானம் இவ்வாறு கல்லில் ஏறியது. புண்ணுக்கு மருந்திட்ட கைகளைப் பற்றிக் கல்வெட்டுகள் அவ்வளவாகப் பேசுவதில்லை. காயமுற்ற விலங்கின்பால் காட்டிய கருணைக்குத் தமிழ்ச் சமணர் நினைவில் நிற்கும் சான்று, திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் வரும் ஒரு நாயே.

குணமாலையார் இலம்பகத்தில் அந்நிகழ்ச்சி வருகிறது. புனலாட்டு விழாவில், அந்தணர் சமைத்து வைத்த உணவை ஒரு நாய் தீண்டிவிட, அவர்கள் அதனை அடித்துக் குற்றுயிராக்கினர். அவ்வழி வந்த சீவகன் அதன் செவியில் ஐம்பத மந்திரத்தை ஓதினான். உயிர் நீத்த நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. பின்னர்ச் சீவகன் சிறைப்பட்டபோது அவனை மீட்ட சுதஞ்சணன், மூன்று மந்திரங்களையும் கற்பித்தான். அவற்றுள் ஒன்று நஞ்சும் நோயும் தீர்ப்பது. பாம்பு தீண்டிய பதுமையைச் சீவகன் பிழைக்கச் செய்தது இதன்பின் வரும் கதை. நாய்க்குச் செய்த உதவி மருத்துவமாகவே திரும்பி வந்தது.

மந்திரம் ஓதினால் போதும் என்று இக்கதையைக் கொள்வோர் உளர். அது பொருந்தாது. உயிர் பிரியும் தறுவாயில் இருந்த நாய்க்கே சீவகன் மந்திரம் சொன்னான். பிழைக்கக்கூடிய உயிர்க்கு முதலில் வேண்டுவது ஔடதம். பிற்காலச் சமணரும் அவ்வாறே செயலாற்றினர். பம்பாயில் தெருநாய்களைக் கொல்லும் ஆங்கிலேயர் ஆணை 1832இல் கலவரத்தை மூட்டியபின், பார்சிப் பெருவணிகர் ஜம்செட்ஜி ஜீஜீபாயும் சமண வணிகர் அமீசந்த் ஷாவும் 1834இல் அங்கு விலங்குக் காப்பகமாகிய பாஞ்சராப்போலை நிறுவினர்.

கொடைக்கானலில் காட்டுமாடுகள் ஊருக்குள்ளேயே உலவுகின்றன. மலைச்சாலைகளில் வாகனங்களும் மிகுதி. குருதி வழியும் நாய் வாயிலில் வந்து நின்றால் செய்வது அரிதன்று. வளர்த்தவரையும் வலியால் அது கடிக்கக்கூடும். மூச்சுத் திணறலோ வாந்தியோ இல்லையெனில் மெல்லிய துணியால் அதன் வாயைத் தளர்வாகக் கட்டலாம். தூய துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, ஐந்து நிமிடமேனும் எடுத்துப் பாராமல் அழுத்த வேண்டும். துணி நனைந்தால் அதனை அகற்றாமல் மற்றொன்றை மேலே வைக்க வேண்டும். அகற்றினால் உறைந்த குருதி பெயர்ந்துவிடும். ஈறு வெளுத்திருந்தால் குருதியிழப்பு மிகுதி. மலைக்குளிரில் கம்பளி போர்த்தி உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். மனிதர்க்குரிய வலிமாத்திரைகளை ஒருபோதும் தரலாகாது. பாராசிட்டமாலும் அதற்கு நஞ்சாகலாம். நாய் கடித்துவிட்டால் அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு அன்றே செல்ல வேண்டும்.

மழைக்காலச் சோலைகளில் அட்டை கடித்த நாய்க்கும் குருதி நெடுநேரம் கசியும். குருதி உறையாதபடி செய்யும் பொருள் அட்டையின் உமிழ்நீரில் உண்டு. உப்பைத் தூவி அட்டையைக் கொல்வது பலரது வழக்கம். அது வேண்டியதே இல்லை. கடிவாயின் அருகே நகத்தைச் செலுத்தி மெல்லத் தள்ளினால் அட்டை தானே விடுபடும். அதனை ஈர இலையில் எடுத்துப் புதரில் விட்டுவிட்டு, நாயின் புண்ணைத் துணியால் அழுத்திப் பிடிக்கலாம்.