திறந்தால் செல்லாது: ஓர் உத்தரவாதச் சீட்டின் வரலாறு

கைத்தொலைபேசியின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தவர்கள் இதனைக் கண்டிருப்பார்கள். பல கருவிகளின் உள்ளே, ஒரு திருகாணியின் தலையை மறைத்தபடி, நெல்மணியிலும் சற்றே பெரிய வெள்ளை ஸ்ரிக்கர் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அது கிழிந்திருந்தால் உத்தரவாதம் செல்லாது என்பது விற்றவரின் நிலைப்பாடு. கையொப்பமும் முத்திரையும் இட்டுக் கொடுத்த வாக்கினை இத்தனை சிறிய காகிதத் துண்டு இரத்துச் செய்துவிடுகிறது. அந்த அதிகாரம் அதற்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் நானூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

1603 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு வழக்கு நடந்தது. விற்றவர் சாண்டலர் என்னும் பொற்கொல்லர். வாங்கியவர் லோபஸ். விற்ற பொருள், ஆட்டின் வயிற்றில் விளைவதாகச் சொல்லப்பட்ட ஒருவகைக் கல். நம்முடைய பாட்டிமார் பிள்ளைகளுக்கு உரைத்துக் கொடுத்த கோரோசனைக்கு அது தூரத்து உறவு. நஞ்சை முறிக்கும் என்று அன்றைய ஐரோப்பாவில் நம்பப்பட்டதால் அதற்குப் பொன்னைவிட மதிப்பு இருந்தது. லோபஸ் கொடுத்த விலை நூறு பவுண். கல் போலியென்று தெரிந்ததும் அவர் நீதிமன்றம் சென்றார். தோற்றுப்போனார். பொற்கொல்லர் 'இது இன்ன கல்' என்று சொன்னாரே தவிர, 'அதற்கு நான் உத்தரவாதம்' என்று சொல்லவில்லை. ஆகவே அவர் மீது குற்றமில்லை என்பது தீர்ப்பு. பார்த்து வாங்குவது வாங்குபவன் பாடு என்ற கொள்கை ஆங்கிலச் சட்டத்தில் நெடுங்காலம் கோலோச்சியதற்கு இவ்வழக்கினையே எடுத்துக்காட்டுவார்கள்.

உரோமாபுரியின் சந்தை அதிகாரிகள் இதற்கு நேர்மாறாக நடந்தார்கள் என்பது சுவையான செய்தி. அடிமையை விற்றாலும் மாட்டை விற்றாலும், மறைந்திருந்த குறைபாட்டுக்கு விற்றவனே பொறுப்பு என்பது அவர்களது கட்டளை. அந்த மரபு ஒல்லாந்தரின் வழியாக இலங்கைக் கரைக்கும் வந்து சேர்ந்தது. மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது 1638 இல். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். அவர்களுடைய 1893 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்பற்றி இலங்கையில் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. வியாபாரி விற்கும் பொருள் அதன் பயனுக்குத் தகுந்ததாக இருக்கவேண்டும் என்பது வாய்திறந்து சொல்லாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அடங்கும் என்று அச்சட்டம் ஏற்றுக்கொண்டது. கூடவே ஒரு வாசலையும் திறந்து வைத்தது: இருவரும் வெளிப்படையாக உடன்பட்டால் அந்தப் பொறுப்பை விலக்கிக்கொள்ளலாம். அச்சிட்ட உத்தரவாதச் சீட்டு நுழைந்தது அந்த வாசலால்தான். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒன்றைக் கொடுத்து, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் கலை பிறந்தது.

பழுகாமத்தில் இந்தச் சீட்டினைப் பொருட்படுத்தியவர்கள் வெகு சிலர். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்குள் நுழையும் எந்தப் பொருளும், விற்றவனின் கைக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்ட பொருளாகவே கருதப்பட்டது. நீர் இறைக்கும் இயந்திரம் நின்றால் வயற்காரரே கழற்றுவார். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் நிலைமை இன்னும் இறுகியது. பசளையும் சீமெந்தும் போலவே பற்றரியும் சோதனைச் சாவடிகளில் சந்தேகத்துக்குரிய பண்டமாயிற்று. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவினால் வானொலி கேட்டார்கள் என்பதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். படுவான்கரையிலும் அதை நான் கண்டிருக்கிறேன். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுழற்ற, மற்றவர்கள் சுற்றியிருந்து தமிழோசை கேட்பார்கள்.

இதிலே ஒரு நுட்பம் உண்டு. டைனமோ தருவது சுமார் ஆறு வோல்ற்று. ஒன்றரை வோல்ற்றுப் பற்றரி நான்கு போடும் வானொலிக்கும் வேண்டியது அதே ஆறு. ஆனால் டைனமோவின் மின்சாரம் திசைமாறி ஓடுவது, வானொலிக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடுவது. ஆகவே பழுதடைந்த வேறொரு பெட்டியிலிருந்து நான்கு டையோட்டுகளைக் கழற்றி இடையில் பற்றவைக்க வேண்டும். இரைச்சலைத் தணிக்க ஒரு கொள்ளளவியும் வேண்டும். இதைச் செய்தவர்களிற் பலர் பௌதிகவியலைப் பாடமாகப் படித்தவர்கள் அல்லர். தீர்ந்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவதற்கும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. திறந்து பார்ப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்கும் வழக்கம் அங்கே இருக்கவில்லை. கேட்பதற்கு ஆளும் இல்லை.

அந்நாளைய பொருள்களும் திறந்து பார்க்க ஒத்துழைத்தன என்பதைச் சொல்லவேண்டும். பழைய வால்வு வானொலிகள் பலவற்றில் பின்பலகையைக் கழற்றினால் உட்புறத்தில் மின்சுற்று வரைபடம் ஒட்டப்பட்டிருக்கும். இன்று எவரையும் உள்ளே விடாத நிறுவனமென்று பெயரெடுத்த அப்பிள்கூட, 1977 இல் வெளியிட்ட தனது இரண்டாவது கணினியின் கைநூலில் முழு மின்சுற்று வரைபடத்தையும் அச்சிட்டது. அதே நிறுவனம் 2011 ஆம் ஆண்டளவில் தனது தொலைபேசிகளில், சாதாரணத் திருப்புளி பொருந்தாத ஐந்திதழ்த் திருகாணிகளைப் பூட்டிக்கொண்டிருந்தது. இடைப்பட்ட முப்பத்துநான்கு ஆண்டுகளில் கருவிகள் மெலிந்தன, பசையால் ஒட்டப்பட்டன. ஓரளவுக்கு அது தொழில்நுட்பத்தின் தேவை. ஓரளவுக்கு அது வியாபாரம்.

பழுகாமத்தில் வசிக்கும் என் மருமகன் ஒருவர் உயர்தர மாணவருக்கு வகுப்பு எடுப்பவர். 2022 இல் டொலரின் விலை சுமார் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதுக்கு ஏறியபின் கைத்தொலைபேசி என்பது ஒரு போக விளைச்சலில் பங்கு கேட்கும் பொருளாகிவிட்டது. 2023 இல் அவர் ஒன்று வாங்கினார்; ஓராண்டு உத்தரவாதம். நான்காம் மாதத்தில் கீழே விழுந்து திரை உடைந்தது. அது தன் தவறு என்பதால் எவரையும் கேளாமல், ஒரு திரையை வாங்கித் தானே மாற்றினார். பழுதின்றி வேலை செய்தது. பத்தாம் மாதத்தில் மின்னேற்றும் துவாரம் செயலிழந்தது. இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குக் கொண்டுபோனார். சேவை நிலையத்தில் மூடியைத் திறந்து பார்த்து, ஸ்ரிக்கர் கிழிந்திருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "திரைக்கும் சார்ஜ் ஏத்துற ஓட்டைக்கும் என்ன மாமா சம்பந்தம்?" என்று தொலைபேசியில் கேட்டார்.

உலகின் சட்டமன்றங்களும் நீதிமன்றங்களும் அரை நூற்றாண்டாகக் கேட்டுவருவதும் இதே கேள்விதான்.

முதலில் கேட்டது அமெரிக்கா. செனட்டர் வொறன் மக்னசன், காங்கிரஸ் உறுப்பினர் ஜோன் மொஸ் ஆகிய இருவரின் பெயரால் வழங்கும் உத்தரவாதச் சட்டத்தில் ஜனாதிபதி ஃபோர்ட் 1975 ஜனவரியில் கையொப்பமிட்டார். எங்கள் உதிரிப்பாகத்தையும் எங்கள் திருத்துநரையும் மட்டுமே நாடவேண்டும், இல்லையேல் உத்தரவாதம் இல்லை என்று நிபந்தனை போடுவதை, அவற்றை இலவசமாகத் தந்தாலொழிய, அச்சட்டம் பொதுவாகத் தடைசெய்தது. நீங்கள் செய்த திருத்தமே பழுதுக்குக் காரணம் என்றால் நிறுவனம் மறுக்கலாம். ஆனால் அதனை நிறுவனம் காட்டவேண்டும். சட்டம் வந்து நாற்பத்துமூன்று ஆண்டுகளாகியும் ஸ்ரிக்கர்கள் ஒழியவில்லை. 2018 ஏப்ரலில் அந்நாட்டின் வர்த்தக ஆணைக்குழு ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. சொனி, மைக்ரோசொஃப்ட், நின்டெண்டோ முதலியவை அதில் அடங்கும்.

எம்மவர் பெருந்தொகையாக வாழும் அவுஸ்திரேலியாவில் நடந்த வழக்கு என் மருமகனின் கதைக்கு இன்னும் நெருக்கமானது. வெளியாரிடம் திரையையோ பொத்தானையோ மாற்றிய சிலரின் ஐபோன்கள், மென்பொருளை இற்றைப்படுத்தியதும் 'பிழை 53' என்று காட்டி உயிரற்றுப் போயின. கைவிரல் அடையாளத்தைப் படிக்கும் பொத்தானும் கருவியும் ஒன்றையொன்று அறியும்படி இணைக்கப்பட்டிருந்தன; அந்த இணைப்புக் குலைந்ததைப் பாதுகாப்புப் பிரச்சினையாக மென்பொருள் எடுத்துக்கொண்டது. அப்பிள் நிறுவனம் 2016 பெப்ரவரியில் வருத்தம் தெரிவித்து மாற்று மென்பொருளை வெளியிட்டது. ஆனால் அதற்கு முந்திய ஓராண்டில், வெளியாரிடம் திருத்தியதால் உங்களுக்குப் பரிகாரம் இல்லை என்று குறைந்தது 275 வாடிக்கையாளருக்குச் சொல்லப்பட்டிருந்தது. போட்டி, நுகர்வோர் ஆணைக்குழு தொடுத்த வழக்கில் 2018 ஜூனில் சமஷ்டி நீதிமன்றம் 90 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. தொலைபேசியை வேறொருவர் திறந்தார் என்பதனால் மட்டும் சட்டம் தந்த உரிமை அழிந்துவிடாது என்பது அதன் சாரம்.

இந்தியாவில் இதே விடயம் மோட்டார் கார்களின் வடிவில் வந்தது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணைக்குழு பதினான்கு கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாவுக்கும் மேலான தண்டம் விதித்தது. தண்டம் மேன்முறையீடுகளில் சிக்கியது வேறு கதை. அந்தக் கட்டளையின் ஒரு பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெளிக் கராஜில் திருத்தினால் உத்தரவாதம் முழுவதும் இரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை விதிக்கக்கூடாது. பிழையான திருத்தத்தால் எவ்வளவு சேதம் விளைந்ததோ அவ்வளவுக்கே இரத்துச் செய்யலாம். நான் வாசித்த தீர்வுகளில் இதைவிட நியாயமானது எதுவுமில்லை. திரைக்குத் திரையின் கணக்கு, துவாரத்துக்குத் துவாரத்தின் கணக்கு.

நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. லிதியம் பற்றரியைத் திருப்புளியால் நெம்பி எடுக்கப்போய்த் தீப்பற்றிய சம்பவங்கள் உலகெங்கும் உண்டு. உள்ளே மயிரிழை போன்ற நாடாக்கள். ஒன்று மடங்கினாலும் வேறோரிடத்தில் கோளாறு தோன்றலாம். மலிவு விலைப் போலித் திரை மின்னை அதிகம் இழுக்கலாம். அதைவிட, களுவாஞ்சிக்குடியிலோ மட்டக்களப்பிலோ கடை வைத்திருப்பவர் தமக்கு மேலேயுள்ள இறக்குமதியாளரின் நிபந்தனைக்குக் கட்டுப்பட்டவர். வாடிக்கையாளரின் ஏச்சுக்கு முதலில் ஆளாபவரும் அவரே. மருமகனின் துவாரத்தைக்கூட அவருடைய கைதான் கெடுத்திருக்கக்கூடும். நான் கேட்பது, அதை யாராவது பரிசோதித்துப் பார்த்தார்களா என்பதுதான். ஸ்ரிக்கரைப் பார்ப்பது பரிசோதனை ஆகாது.

ஸ்ரிக்கருக்கு ஒரு தம்பியும் உண்டு. நீர் பட்டால் வெள்ளையிலிருந்து சிவப்பாகும் ஒரு சிறு புள்ளி. நீருக்குள் விழுந்த கருவிக்கு உத்தரவாதம் கிடையாது என்பதற்கு அது சாட்சி. காற்றின் ஈரலிப்பினால்கூட அந்தப் புள்ளி நிறம் மாறக்கூடும் என்று வாதாடி அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தனர். 2013 இல் அப்பிள் நிறுவனம், தவறை ஏற்காமலே, 5 கோடி 30 இலட்சம் டொலர் தர இணங்கி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. வாவிக்கரையில் மாரி காலத்தைக் கழித்தவர்களுக்கு ஈரலிப்பு என்றால் என்னவென்று விளக்கவேண்டியதில்லை. அலுமாரிக்குள் மடித்துவைத்த சேலையே பூஞ்சணம் பிடிக்கும்.

இலங்கையில் என்ன வழி இருக்கிறது? நேர்மையற்ற ஒப்பந்த நியதிகளுக்கு எதிரான சட்டம் ஒன்று, பிரித்தானியாவின் 1977 ஆம் ஆண்டுச் சட்டத்தை அடியொற்றி, 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கமாக வந்தது. அதன் பெயரை மருமகனோ கடைக்காரரோ கேள்விப்பட்டிருக்கவில்லை. வாதிடுவதற்கு நீதிமன்றம் செல்லவேண்டும். ஒரு தொலைபேசிக்காக யார் செல்வார்? எளிய வழி, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை. வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தந்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை விற்றவர்மீது அங்கே முறையிடலாம். விசாரித்தபின் நட்டஈடோ மாற்றுப் பொருளோ பணத்தைத் திருப்பித் தருவதோ கட்டளையாகலாம். சட்டத்தரணி தேவையில்லை, எழுத்தில் ஒரு கடிதமும் பற்றுச்சீட்டும் போதும்.

ஆனால் அச்சட்டத்தின் பதின்மூன்றாம் பிரிவில் ஒரு காலவரையறை எழுதப்பட்டது. பொருளை விற்று மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு வந்துசேரவேண்டும். பழுது தெரியவந்த நாளிலிருந்து மூன்று மாதம் என்றல்ல, விற்ற நாளிலிருந்து. சீட்டிலே அச்சிட்டிருப்பது பன்னிரண்டு மாத உத்தரவாதம். சித்திரை வருடப்பிறப்பு மலிவு விற்பனையில் ஒருவர் தொலைபேசி வாங்கினால் ஆடி பிறக்கும்போது அவருடைய முறைப்பாட்டுக் காலம் முடிந்துவிடும். மட்டக்களப்பில் மழை தொடங்குவது ஐப்பசியில்.