புலாவ் உபின்: ஒருநாள் உலாவில் ஒரு வரலாறு

சாங்கி முனையில் படகேறினால் பத்து நிமிடங்களில் புலாவ் உபின். மிதிவண்டி ஓட்டவும் காட்டுப்பாதையில் நடக்கவும் மாணவர் விரும்பும் இத்தீவு, வெறும் விளையாட்டுத் திடலன்று. 1851-இல் ஒளியேற்றப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் இத்தீவின் கருங்கல்லால் எழுந்தது. கல்லுடைப்பு ஓய்ந்தபின், தோண்டிய பள்ளங்களில் நீர் நிறைந்து அவை ஏரிகளாயின. 1967-இல் அவுட்வர்ட் பவுண்ட் பள்ளி இங்குத் தொடங்கப்பட்டது.

கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவா கடற்கரையில் மண்ணிட்டு நிலமீட்பு செய்யத் திட்டமிருந்தது. 2001-இல் பொதுமக்கள் திரளாகச் சென்று கண்டனர். ஆர்வலர்கள் அங்குள்ள உயிரினங்களைப் பதிவு செய்தனர். அவ்வாண்டு இறுதியில் அரசு அப்பணியை ஒத்திவைத்தது. நேரில் கண்டவர்களின் குரலும் அதற்குத் துணைநின்றது.

பெற்றோர்களே, வரும் விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். பாடநூற் படத்தில் மட்டும் பார்த்த கடற்கரைக்காக நாளை எந்தப் பிள்ளை குரல் கொடுக்கும்?